அடைத்த கதவைத் திறந்த பயிற்றுநர்: ஜோன் மெக்லெண்டனின் வாழ்வு

ஒரு விளையாட்டுப் போட்டியின் தலைவிதியைக் களத்தில் நிற்கும் நடுவரே தீர்மானிக்கிறார் என்று நாம் எண்ணிக்கொள்வது வழக்கம். ஆனால், நடுவர் ஊதலை வாயில் வைப்பதற்கு வெகு முன்னரே, மூடிய அறையொன்றில் கூடியிருக்கும் சிலர் அதனினும் பெரிய தீர்ப்பொன்றை எழுதிவிடுகின்றனர். யார் களத்துக்கு வரலாம், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. களத்தில் தோற்றவனுக்குத் தோல்வியாவது மிஞ்சும். அழைக்கப்படாதவனுக்கு அதுவும் மிஞ்சுவதில்லை. அணித் தெரிவுகள் தொடர்பான சர்ச்சைகளை நாளிதழ்களில் வாசித்துப் பழகிய நமது வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடைபெறும் கல்லூரிக் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகள் இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பருவகால ஆட்டங்கள் முடிந்த பின்னர், நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் இருந்து சில அணிகள் மாத்திரமே தேசிய சுற்றுப்போட்டிக்குத் தெரிவாகின்றன. அத்தெரிவின் வரலாற்றை அறிய விரும்புவோர், விதிமுறைக் கோவைகளைப் புரட்டுவதைவிட ஒரு மனிதரின் வாழ்வைப் படிப்பது பயனுள்ளதாகும் என்பது நமது கருத்து. அவர் ஜோன் மெக்லெண்டன். கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தவரின் மாணவர். அவ்வாட்டத்தின் பெரிய களங்களில் கால்வைக்க அனுமதி மறுக்கப்பட்டவர். பின்னர் தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் தேசிய வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றிய பயிற்றுநர்.

மூன்று வாசல்கள்

மெக்லெண்டனின் போராட்டத்தை விளங்கிக்கொள்ள, அவர் காலத்தில் இச்சுற்றுப்போட்டிகள் எவ்வாறு ஆளப்பட்டன என்பதை முதலில் அறிவது அவசியம். 1930களின் பிற்பகுதியில், மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று தேசிய சுற்றுப்போட்டிகள் தோன்றின. முதலாவது, 1937இல் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில் எமில் லிஸ்டன் என்ற பயிற்றுநரின் முயற்சியால் ஆரம்பிக்கப்பட்டது. சிறிய கல்லூரிகளுக்கென உருவான அதில் முதலாண்டில் 8 அணிகளும் மறு ஆண்டில் 32 அணிகளும் ஆடின. இதனை நடத்திய அமைப்பே இன்று என்.ஏ.ஐ.ஏ. என அறியப்படுகின்றது. இரண்டாவது, 1938இல் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் தொடங்கிய தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டியாகும். இதனை ஆரம்பித்தவர்கள் அந்நகரின் பத்திரிகை நிருபர்கள் என்பது விந்தையான செய்தி. மூன்றாவது, 1939இல் பயிற்றுநர் சங்கத்தினால் நடத்தப்பட்டு நட்டத்தில் முடிந்து, மறு ஆண்டே என்.சி.ஏ.ஏ. எனும் பெரும் அமைப்பின் பொறுப்புக்குச் சென்ற சுற்றுப்போட்டியாகும். இன்று உலகறிந்த மார்ச் மாதத் திருவிழாவாக விளங்குவது இதுவே.

மூன்றுக்கும் மூன்று வகையான தெரிவு முறைகள் இருந்தன. நியூயோர்க்கில் அழைப்பு ஒன்றே வழி. யாரை அழைத்தால் அரங்கு நிரம்பும் என்பதும் அங்கே ஒரு கணக்காக இருந்தது. என்.சி.ஏ.ஏ. நாட்டை எட்டு மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குழு ஓர் அணியைத் தெரிவுசெய்யும் முறையைக் கைக்கொண்டது. கன்சாஸ் நகரச் சுற்றுப்போட்டியும் நாளடைவில் மாவட்டப் பிரிவுகளை அமைத்து, ஒவ்வொன்றிலும் வென்ற அணியை வரவழைத்தது.

இம்மூன்று முறைகளிலும் எழுதப்பட்ட விதிகளும் இருந்தன. எழுதப்படாத விதியொன்றும் இருந்தது. தென் மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகள் எத்துணை ஆட்டங்களில் வென்றாலும் மூன்று வாசல்களில் ஒன்றேனும் அவற்றுக்குத் திறக்கப்படவில்லை.

நெய்ஸ்மித்தின் மாணவர்

ஜோன் மெக்லெண்டன் 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கன்சாஸ் மாநிலத்தின் ஹயவாதா எனும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வழியில் கறுப்பினத்தவர். தாய் வழியில் அமெரிக்க ஆதிக்குடிகளின் இரத்தமும் அவருள் ஓடியது. வளர்ந்தது கன்சாஸ் மாநிலத்துக் கன்சாஸ் நகரில். மாநில எல்லைக்கு மறுபுறம், அதே பெயர் கொண்ட மிசூரி நகரில்தான், பிற்காலத்தில் அவர் முற்றுகையிடவிருந்த அரங்கு எழுந்தது.

1933இல் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயிலச் சென்றார். 1891இல் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய கலாநிதி ஜேம்ஸ் நெய்ஸ்மித் அங்கே முதுமைப் பருவத்தில் பேராசிரியராக இருந்தார். அவரையே வழிகாட்டியாகக் கொள்ளுமாறு மகனிடம் கூறி அனுப்பியவர் தந்தை. இளைஞரும் நேரே பேராசிரியரின் அறைக்குச் சென்று அதனைத் தெரிவித்தார். நெய்ஸ்மித் ஏற்றுக்கொண்டார்.

ஆனால், பல்கலைக்கழக அணியில் அவர் ஆட முடியாது. அணியின் பயிற்றுநர் அக்காலத்தில் பெரும் புகழ்பெற்றிருந்த போக் அலன். அவரது அணியில் கறுப்பின மாணவர்களுக்கு இடமிருக்கவில்லை. கூடைப்பந்தாட்டத்தை அதன் தந்தையிடமே கற்ற மாணவர், அவ்வளாகத்திலேயே அதனை ஆட முடியாதவராக இருந்தார் என்பது அக்காலத்தின் கொடிய முரண்பாடாகும்.

நீச்சற் குளத்திலும் இதே கதைதான். பட்டத்துக்கு நீச்சல் ஒரு கட்டாய பாடம். கறுப்பின மாணவர் குளத்தில் இறங்காமலேயே சித்தியடைந்ததாகப் பதிந்துவிடலாம் என்று அதிகாரிகள் சலுகை காட்ட முன்வந்தனர். மெக்லெண்டன் அச்சலுகையை மறுத்துக் குளத்தில் இறங்கினார். அவர் நீந்திய பின்னர் குளத்து நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. எனினும் அவர் பின்வாங்கவில்லை. நெய்ஸ்மித் பக்கத்துணையாக நின்றார். ஈற்றில் குளம் அனைவருக்கும் திறக்கப்பட்டது. இச்சம்பவத்தை நாம் இங்கு குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. தகுதியை நிரூபிக்கும் வாய்ப்பைத் தராமல் தகுதிச் சான்றிதழை மாத்திரம் தருவதும் ஒருவகை அவமதிப்பே என்பதை அவர் இருபது வயதிலேயே உணர்ந்திருந்தார். பிற்காலத்தில் அவர் நடத்திய போராட்டம் முழுவதற்கும் இதுவே அடித்தளமாயிற்று.

1936இல் அப்பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பின மாணவர் என்ற பெருமையுடன் வெளியேறிய அவர், அயோவா பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். 1937இல் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரிலிருந்த கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் பணியேற்று, 1940இல் அதன் தலைமைப் பயிற்றுநரானார்.

மூடிய கதவுகளுக்குள் ஓர் ஆட்டம்

அந்நாளில் கூடைப்பந்தாட்டம் நின்று நிதானித்து ஆடப்படும் ஆட்டமாகவே பெரும்பாலும் இருந்தது. மெக்லெண்டன் அதனை ஓட்டமாக மாற்றினார். பந்து கைக்குக் கிடைத்த கணத்திலேயே களத்தின் மறு எல்லையை நோக்கிப் பாய்வது, எதிரணி பந்தை வைத்திருந்தால் களத்தின் முழு நீளத்திலும் அதனை நெருக்குவது என்பன அவரது பயிற்சியின் சாரம். இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள வேக ஆட்டத்தை வகுத்தோருள் அவர் முதன்மையானவர் எனலாம்.

அவ்வணியின் வலிமையை அளக்கவோ வழியில்லை. அதே டர்ஹம் நகரில் வெள்ளையருக்கான டியூக் பல்கலைக்கழகம் இருந்தது. யுத்த காலத்தில் அதன் மருத்துவ பீட மாணவர்களின் அணியில் முன்னர் பல கல்லூரிகளுக்கு ஆடிய சிறந்த வீரர்கள் சேர்ந்திருந்தனர். இரு அணிகளும் சில கல் தொலைவில் வாழ்ந்தும் சந்திக்கச் சட்டமும் வழக்கமும் இடந்தரவில்லை.

1944ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நகர மக்கள் தேவாலயங்களில் இருந்த நேரம் பார்த்து, மருத்துவ மாணவர்கள் கறுப்பினக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு இரகசியமாக வந்து சேர்ந்தனர். கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர் அனுமதிக்கப்படவில்லை. செய்தியறிந்த கறுப்பினப் பத்திரிகையின் நிருபரும் ஒருவரி தானும் எழுதவில்லை. மெக்லெண்டனின் அணி 88 இற்கு 44 என்ற கணக்கில் வென்றது. அதன் பின்னர் நிகழ்ந்ததே அதனினும் வியப்புக்குரியது. இரு அணியினரும் கலந்து புதிய இரு அணிகளாகப் பிரிந்து மறுபடியும் ஆடினர்.

வெளியே தெரிந்திருந்தால் வேலையும் போயிருக்கும், உயிருக்கும் ஆபத்து நேர்ந்திருக்கும். 52 ஆண்டுகள் மறைந்திருந்த இச்செய்தி, 1996இல் வரலாற்றாசிரியர் ஒருவர் நியூயோர்க் பத்திரிகையொன்றில் எழுதிய பின்னரே உலகுக்குத் தெரியவந்தது. எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத அவ்வெற்றி மெக்லெண்டனுக்கு ஒரு விடயத்தை உறுதிப்படுத்தியது. தமது மாணவர்களிடம் குறைவாக இருந்தது திறமையன்று, அழைப்பு மாத்திரமே.

தமக்கென ஒரு களம்

அழைப்பு வரும் வரை கைகட்டி நிற்பவரல்லர் அவர். கறுப்பினக் கல்லூரிகளின் கூட்டமைப்பொன்று அப்பகுதியில் நெடுங்காலமாக இயங்கி வந்தது. 1946இல் மெக்லெண்டனும் சக பயிற்றுநர்கள் சிலரும் சேர்ந்து அக்கூட்டமைப்புக்கெனப் பருவகால இறுதிச் சுற்றுப்போட்டியொன்றை வொஷிங்டன் நகரில் ஆரம்பித்தனர். முதலாவது கிண்ணத்தை மெக்லெண்டனின் அணியே வென்றது. இச்சுற்றுப்போட்டி பிற்காலத்தில் கறுப்பின மக்களின் பெரும் சமூக விழாவாக வளர்ந்து இன்றளவும் நீடிக்கின்றது. வெளியார் அளவுகோல் கிடைக்காதபோது தமது அளவுகோலைத் தாமே செய்துகொள்ளும் முயற்சியாகவே இதனை நாம் நோக்க வேண்டும்.

ஆயினும், தனிக்களம் பொதுக்களத்துக்கு ஈடாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். இதே காலப்பகுதியில் கன்சாஸ் நகரச் சுற்றுப்போட்டியில் ஒரு சலனம் ஏற்பட்டது. அங்கே கறுப்பினக் கல்லூரிகள் மாத்திரமல்ல, வெள்ளையர் கல்லூரி அணியொன்றில் இடம்பெற்ற கறுப்பின வீரரும் ஆட முடியாது என்ற தடை இருந்தது. 1947இல் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியின் இளம் பயிற்றுநர் ஜோன் வூடன், தமது அணியின் கறுப்பின வீரரான கிளரன்ஸ் வோக்கரை விட்டுவிட்டு வருமாறு கூறும் அழைப்பு தமக்குத் தேவையில்லை என நிராகரித்தார். மறு ஆண்டு நியூயோர்க்கின் மன்ஹற்றன் கல்லூரியும் தடையை எதிர்த்து விலகப்போவதாக அறிவித்தபோது விதி தளர்த்தப்பட்டது. 1948இல் வோக்கர் அக்களத்தில் ஆடினார். வூடனின் அணி இறுதி ஆட்டம் வரை முன்னேறியது.

இது தனிமனிதர்க்குத் திறந்த வாசல். கல்லூரிகளுக்கான வாசல் இன்னும் மூடியே கிடந்தது. மெக்லெண்டனும், ஓஹியோவைச் சேர்ந்த மக் கிரீன் போன்ற கறுப்பின விளையாட்டு நிர்வாகிகளும் ஒரு தேசிய செயற்குழுவாக இணைந்து, கடிதம் எழுதியும் மாநாடுகளில் மன்றாடியும் இரு பெரும் அமைப்புகளையும் அணுகினர். என்.சி.ஏ.ஏ. இணங்கவில்லை.

இங்கேதான் தெரிவு முறையின் சூட்சுமம் வெளிப்படுகின்றது. ஓர் அணியின் தரத்தை அது எதிர்த்தாடிய அணிகளின் தரத்தைக் கொண்டே மதிப்பிடுவது வழக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான முறையே. ஆனால், தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பினக் கல்லூரிகளுடன் ஆட மறுத்தன. பலமான அணிகளுடன் ஆடும் வாய்ப்பை மறுத்துவிட்டு, பலமான அணிகளுடன் ஆடாதவர்க்குத் தகுதியில்லை என்று கூறும்போது, அளவுகோலே அநீதியின் கருவியாகிவிடுகின்றது. டர்ஹம் நகரின் பூட்டிய கூடத்துக்குள் நடந்த அந்த ஒரே ஆட்டம் இவ்வாதத்தின் பொய்ம்மையைக் காட்டியிருந்தது. அதுவோ எவருக்கும் சொல்ல முடியாத சாட்சியம்.

இருபத்தொன்பதாம் மாவட்டம்

என்.ஏ.ஐ.ஏ. என்று 1952இல் பெயர் மாற்றம் பெற்ற கன்சாஸ் நகர அமைப்பு முதலில் இணங்கியது. அதன் செயலாளர் அல் டூயர் இவ்விடயத்தில் நல்லெண்ணத்துடன் செயற்பட்டார். 1953இல் கறுப்பினக் கல்லூரிகளுக்கு அங்கத்துவம் வழங்கப்பட்டது. அவற்றுக்கென இருபத்தொன்பதாம் மாவட்டம் என்ற பிரிவு உருவாக்கப்பட்டது. ஏனைய மாவட்டங்கள் நிலப்பரப்பின் அடிப்படையில் அமைந்தவை. இதற்கு மாத்திரம் நில எல்லையில்லை, நிறமே எல்லை. வெவ்வேறு மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகள் தமக்குள் போட்டியிட்டு, வென்ற ஓர் அணி கன்சாஸ் நகருக்குச் செல்லலாம். அவ்வாண்டு டென்னசி மாநிலத்தின் நஷ்வில் நகரிலிருந்த கறுப்பினக் கல்லூரியான டென்னசி ஏ அன்ட் ஐ அணி முதன்முதலாக அவ்வாசலைக் கடந்தது.

இது முழு நீதியன்று. பல மாநிலங்களின் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே ஓர் இடம். பொது மண்டபத்தில் அவர்களுக்கெனத் தனி வாசல். இதனை ஏற்பதா, முழு உரிமை கிடைக்கும்வரை மறுத்து நிற்பதா என்ற கேள்வி எழுவது இயல்பே. உரிமைப் போராட்டங்களை அறிந்த எவருக்கும் இக்கேள்வி புதிதன்று. மெக்லெண்டன் வாசலுக்குள் நுழைந்து உள்ளிருந்து அதனை அகலப்படுத்தும் வழியைத் தேர்ந்தார். அவரது தேர்வு சரியானதே என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

இடையில் இரு ஆண்டுகள் ஹம்ப்டன் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1954இல் டென்னசி ஏ அன்ட் ஐ கல்லூரியின் பயிற்றுநரானார். அவ்வாண்டின் இறுதியில் கன்சாஸ் நகரில் நடைபெற்ற பருவகால ஆரம்பச் சுற்றுப்போட்டிக்கு அவரது அணி அழைக்கப்பட்டது. அழைப்பு வந்தவுடன் அவர் மகிழ்ந்து புறப்பட்டுவிடவில்லை. ஏனைய அணிகள் தங்கும் அதே ஹோட்டலில் தம் வீரர்களும் தங்க வேண்டும், அதே உணவகங்களில் உண்ண வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். களத்தில் சமம், படுக்கையிலும் பந்தியிலும் வேறு என்ற ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை. நிபந்தனை ஏற்கப்பட்டது. அணி சென்றது, வென்றது.

1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டென்னசி ஏ அன்ட் ஐ அணி, 32 அணிகள் பங்குபற்றிய என்.ஏ.ஐ.ஏ. சுற்றுப்போட்டியில் வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்து பங்குகொண்ட தேசிய சுற்றுப்போட்டியொன்றைக் கறுப்பினக் கல்லூரி அணி வென்றது அதுவே முதற்தடவை. 1958இலும் 1959இலும் அதே அணி மீண்டும் வென்றது. எந்த இனத்தைச் சேர்ந்த கல்லூரிப் பயிற்றுநரும் அதுவரை தொடர்ச்சியாக மூன்று தேசிய கிண்ணங்களை வென்றதில்லை. டிக் பார்னெட், ஜோன் பார்ன்ஹில் ஆகியோர் அவ்வணியின் தூண்கள். பார்னெட் பின்னர் நியூயோர்க் நிக்ஸ் தொழில்முறை அணியில் இடம்பெற்றுப் புகழ் ஈட்டினார்.

கிண்ணத்தோடு நஷ்வில் திரும்பிய அவ்வீரர்கள், அந்நகரின் மையத்திலிருந்த உணவகங்களில் வெள்ளையருடன் அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் அருந்த முடியாது. அவ்வுரிமைக்கு 1960இல் அந்நகரின் மாணவர்கள் உணவகங்களில் அமர்ந்து அறப்போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. விளையாட்டுக் களத்தில் கிட்டும் சமத்துவத்தின் எல்லை எதுவென்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

மாறிய விதிகளும் மாறாத கேள்வியும்

என்.சி.ஏ.ஏ. சுற்றுப்போட்டியின் தெரிவு விதிகளும் காலத்துக்குக் காலம் மாறின. அம்மாற்றங்களில் பல, மனக்குறைகளின் விளைவே. 1950இல் மாவட்டத்துக்கு ஓர் அணி என்ற விதியினால் பலம்மிக்க கென்டக்கி அணி விடுபட்டுப் பெரும் சர்ச்சை எழுந்தது. மறு ஆண்டு இடங்கள் 8இல் இருந்து 16 ஆகின. 1974இல் நாட்டின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்றெனக் கருதப்பட்ட மேரிலன்ட், தனது கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் தோற்றதனால் வாய்ப்பிழந்தது. 1975இல் இடங்கள் 32 ஆனதோடு, ஒரே கூட்டமைப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளும் வரலாம் என்ற நிலை பிறந்தது. 1985இல் 64 ஆகவும் 2011இல் 68 ஆகவும் இது விரிந்தது.

அழைப்பு வந்தும் செல்லாதோரும் இருந்தனர். மிசிசிப்பி ஸ்டேட் அணி தனது கூட்டமைப்பில் பல தடவை முதலிடம் பெற்றும், கறுப்பின வீரர்களுடன் ஆட நேரும் என்பதற்காக அம்மாநிலத்தின் எழுதப்படாத தடையினால் வீட்டிலேயே இருந்தது. 1963இல் அவ்வணியினர் நீதிமன்றத் தடையுத்தரவுக்குத் தப்பி இரகசியமாக மாநிலத்தை விட்டு வெளியேறி, நான்கு கறுப்பின வீரர்களை முதன்மையாகக் கொண்ட சிக்காகோ லொயோலா அணியுடன் ஆடினர். இனவொதுக்கல் ஒதுக்கப்பட்டவனை மாத்திரமன்றி ஒதுக்கியவனையும் களத்திலிருந்து அகற்றிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

சட்டம் மாறிய பின்னரும் பழைய அளவுகோல் போகவில்லை. 1979இல் மிசிசிப்பியின் கறுப்பினக் கல்லூரியான அல்கோர்ன் ஸ்டேட் பருவகாலம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆயினும் என்.சி.ஏ.ஏ. சுற்றுப்போட்டிக்கு அது அழைக்கப்படவில்லை. தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டிக்கே செல்ல நேர்ந்தது. மறு ஆண்டு அதன் கூட்டமைப்பின் வெற்றியாளருக்குத் தன்னியக்கமாக ஓர் இடம் என விதி மாறியபோது, அதே அல்கோர்ன் ஸ்டேட் உள்ளே வந்தது, முதல் ஆட்டத்திலேயே வென்றும் காட்டியது. குழுவின் மனச்சாட்சியால் கிட்டாதது விதியின் ஒரு வரியால் கிட்டியது.

இன்றைய முறை இரு கூறுகளைக் கொண்டது. கூட்டமைப்புகளின் வெற்றியாளர்கள் உரிமையாக உள்ளே வருகின்றனர். எஞ்சிய இடங்களைப் பல்கலைக்கழக விளையாட்டுப் பணிப்பாளர்களும் கூட்டமைப்பு ஆணையாளர்களும் அடங்கிய குழு வாக்களித்து நிரப்புகின்றது. தமது கல்லூரி பற்றிய ஆலோசனை வரும்போது உறுப்பினர் வெளியேற வேண்டும் என்ற நல்ல விதியும் உண்டு. 1981 முதல் 2018 வரை அக்குழு ஒரு கணிதச் சூத்திரத்தைத் துணையாகக் கொண்டது. அதன்படி ஓர் அணியின் சொந்த வெற்றிகளுக்குக் கிடைத்த பெறுமதி நான்கில் ஒரு பங்கே. எஞ்சிய முக்கால் பங்கு, எதிரணிகளும் அவற்றின் எதிரணிகளும் எத்தகையன என்பதைப் பொறுத்தது. பின்னர் வேறொரு கணிப்பு முறை வந்தது. எந்தச் சூத்திரமாயினும், யாருடன் ஆடக் கிடைக்கின்றது என்பதே யாருக்கு இடம் கிடைக்கின்றது என்பதைப் பெருமளவில் தீர்மானிக்கின்றது. செல்வந்தக் கல்லூரிகள் சிறிய கல்லூரிகளின் களத்துக்குச் சென்று ஆட விரும்புவதில்லை. நிறத்தின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது என்று கூறினால் அது மிகையாகாது. 2010இல் தொலைக்காட்சி நிறுவனங்கள் இச்சுற்றுப்போட்டியின் 14 ஆண்டு ஒளிபரப்புரிமைக்கு 1,080 கோடி டொலர் வழங்க உடன்பட்டன என்பதிலிருந்து, ஓர் அழைப்பின் விலை என்னவென்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தாமதித்து வந்த மதிப்பு

மெக்லெண்டன் 1959இல் நஷ்வில்லை விட்டு கிளீவ்லன்ட் சென்றார். 1961இல் தொடங்கிய தொழில்முறைக் கூட்டமைப்பொன்றில் கிளீவ்லன்ட் பைப்பர்ஸ் அணியின் முதலாவது கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரானார். அணி உரிமையாளருடன் ஏற்பட்ட பிணக்கினால் 1962இல் விலகினார். 1966இல் கிளீவ்லன்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநரானபோது, வெள்ளையர் பெரும்பான்மையான பல்கலைக்கழகமொன்றில் அப்பதவியை வகித்த முதலாவது கறுப்பினத்தவர் என்ற இடம் அவருக்குரியதாயிற்று. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணியின் பயிற்றுநர் குழாத்திலும் இடம்பெற்றார். 1969இல் டென்வர் தொழில்முறை அணியைச் சில மாதங்கள் நெறிப்படுத்திய பின்னர், பாதணி நிறுவனமொன்றின் பிரதிநிதியாக நீண்ட காலம் பணியாற்றினார்.

கூடைப்பந்தாட்டத்தின் புகழ் மண்டபம் அவரது ஆசான் நெய்ஸ்மித்தின் பெயர் தாங்கியது. அங்கே 1979இல் மெக்லெண்டன் சேர்க்கப்பட்டார். ஆனால், பயிற்றுநராக அன்று, விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்ற பிரிவிலேயே சேர்க்கப்பட்டார். மூன்று தேசிய கிண்ணங்களை வென்றவருக்குப் பயிற்றுநர் என்ற பெயரைச் சூட்ட அம்மண்டபத்துக்கு 2016 வரை காலம் பிடித்தது. அவர் அதனைக் காண உயிருடன் இல்லை. 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி, தமது 84ஆவது வயதில் ஓஹியோவில் காலமானார். அவரது டென்னசி அணிகள் 2019இல்தான் அம்மண்டபத்தை அடைந்தன. தெரிவுக் குழுக்கள் அவரது வாழ்நாளில் மட்டுமன்றி மறைவின் பின்னரும் தாமதித்தன.

எனினும், மெக்லெண்டனின் வாழ்வைத் துயரக் கதையாக நாம் நோக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற பாடம் நடைமுறை சார்ந்தது. கூடிப் பேசும் சிலரின் நல்லெண்ணத்தை மாத்திரம் நம்பிக் காத்திருப்பவனுக்கு நீதி ஆண்டுக்கொரு தடவை வந்தும் போகும், வராமலும் போகும். எழுத்தில் பதியப்பட்ட ஓர் இடம், அது இருபத்தொன்பதாம் மாவட்டத்தைப் போல் அரைகுறையானதாக இருப்பினும், ஆடிக்காட்டும் வாய்ப்பைத் தந்துவிடுகின்றது. அத்துடன், நடுநிலையானவை எனப் பறைசாற்றப்படும் அளவுகோல்களை ஏற்பதற்கு முன், அவற்றால் அளக்கப்படும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்ததா என்ற கேள்வியைக் கேட்டேயாக வேண்டும். அணிகளைத் தெரிவுசெய்வோர் மாத்திரமன்றி, மாணவரை, உத்தியோகத்தரை, பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யும் எவரும் மனங்கொள்ள வேண்டிய கேள்வி இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டர்ஹம் நகரில் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் ஆடிய இளைஞர்களைப் பார்க்க எவரும் இருக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் கன்சாஸ் நகரின் மாபெரும் அரங்கில், அதே பயிற்றுநரின் கீழ் வேறு இளைஞர்கள் அதே வேகத்துடன் ஓடினர். அப்போது கதவுகள் திறந்திருந்தன. இரு களங்களுக்கும் இடையிலான வேறுபாடு அந்த ஒன்றே.